கவிழ்ந்த விளக்குகள்

பி.யு.சி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த நேரம். செல்லூரில் எங்கள் எதிர்வீட்டு அத்தை, மகள் கல்யாணத்துக்கு ஐம்பது தாம்பூலப் பைகள் தைக்கச் சொன்னார். வீட்டுத் தையல் மிஷினில் எனக்கு வந்த முதல் ஆர்டர். குத்துவிளக்கு அச்சிட்ட சிவப்புச் சீட்டித் துணி எடுத்தேன். அடியில் தைக்காமல் துணியை அப்படியே மடித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று அவசரப்பட்டேன்.

பத்தாவது பையில்தான் கவனித்தேன். ஒரு பக்கம் விளக்கு நிமிர்ந்திருந்தது. மடிந்த மறுபக்கம் தலைகீழாக இருந்தது. தெரிந்தும் மீதியை அப்படியே தைத்து, நல்ல பக்கம் மேலே தெரிய அடுக்கிவைத்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் வந்த அத்தை, ஒரு பையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டி, ஏத்துற விளக்கைக் கவுத்துப் போட்டா குடுப்பாக? விடு, கடையில மஞ்சப்பை வாங்கிக்கிறேன்."

"நாளைச் சாயந்தரம் வரைக்கும் பொறுங்க அத்தை. அம்புட்டையும் மாத்தித் தாரேன்."

"எம்புட்டு இருக்குன்னு தெரியுமா?"

"தச்சவ எனக்குத் தெரியாதா?"

அத்தை சிரித்துவிட்டார். "சரி, பிளேடை எடு" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தையலைப் பிரித்து அடிமடிப்பை வெட்ட வெட்ட, நான் தலைகீழான துண்டை நிமிர்த்தி, அதன் கைப்பிடியை மேல்முனைக்கு மாற்றி, அடியையும் சேர்த்துத் தைத்தேன். அடித்தையலில் பை கொஞ்சம் குறைந்ததால், தேங்காய் அடங்குமா என்று போட்டும் பார்த்தேன். அடங்கியது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பை கொடுக்க என்னையே நிறுத்தினார். எந்தப் பக்கம் என்று பாராமல், கைக்கு வந்தபடி எடுத்துக் கொடுத்தேன். அந்த நிம்மதிக்காகவே, இன்றும் தப்பைக் கண்ட இடத்திலேயே மிஷினை நிறுத்திவிடுகிறேன்.