நான்காவது மேசை

எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்றவள் நாற்பத்தெட்டு நாள் வாசல் தாண்டக் கூடாது. நாற்பத்தெட்டாம் நாள் குளித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அய்யனார் கோயில். அதற்குப் பிறகுதான் மற்ற இடமெல்லாம். என் அம்மா அப்படித்தான் இருந்தாள், என் மனைவியும் அப்படித்தான் இருந்தாள். மகள் தலைப்பிரசவத்துக்குக் குரும்பகரம் வந்தபோது அவளுக்கும் அதையே சொன்னேன். சுகப்பிரசவம் ஆனால் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிறேன் என்று என் வேண்டுதல் வேறு.

நாற்பத்தைந்தாம் நாள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் வந்தது. முதல் நாளே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிப்போனார்கள். தடுப்பூசி, எடை பார்ப்பது, தாய்க்குப் பரிசோதனை, சத்து மாத்திரை, எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நாளில், அலையத் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் மனைவிக்குப் பேரனின் ஒன்றரை மாத ஊசி தள்ளிப்போகக் கூடாது என்ற கவலை. எனக்கு வாசல் கவலை. கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். ஊசி பிள்ளைக்குத்தானே, பிள்ளையை நாம் தூக்கிக்கொண்டு போவோம், மகள் வீட்டிலேயே இருக்கட்டும். மருந்துக்காகப் போனால் பிள்ளைக்குத் தோஷமில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் போனோம். வகுப்பறையில் நான்கு மேசை. ஒரே இடம் என்றார்களே தவிர ஒரே வரிசை என்று சொல்லவில்லை.

முதல் மேசையில் பேர் பதிவு. அங்கிருந்த பெண் நான் நீட்டிய தாய் சேய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் ஊர் காரைக்காலோடு சேர்ந்தது, புதுச்சேரிக் கணக்கு. மாப்பிள்ளை ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் போனால் அரை மணி நேரம். கர்ப்பமானபோது அங்கே அட்டை போட்டார்கள். பிரசவம் இங்கே.

"இது தமிழ்நாட்டு அட்டைங்க. இங்க செல்லாது. புதுசா பதியணும்."

"பதிங்கம்மா."

"போனுக்கு ஓடிபி வரும், சொல்லுங்க."

என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. மகள் பேர் ஏற்கெனவே மாப்பிள்ளை நம்பரில் பதிந்திருக்கிறதாம், அதற்குத்தான் போகுமாம். மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார். அங்கே அப்போது விடிந்தும் விடியாத நேரம். மூன்று முறை கூப்பிட்ட பிறகு எடுத்து, பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறி, எண்ணைத் தப்பாகச் சொல்லி, மறுபடி ஒரு எண் வரவழைத்துப் பதிவு முடிய முக்கால் மணி நேரம்.

இரண்டாம் மேசையில் எடை. அங்கே ஒரு நோட்டு. தாயின் பேர், வயது, எத்தனையாவது பிரசவம். இப்போதுதானே சொன்னேன் என்றேன். "அது அவங்க நோட்டுங்க, இது எங்க நோட்டு" என்றார்கள். இரண்டு மேசைக்கும் நடுவே நான்கு முழத் தூரம்கூட இல்லை.

பிள்ளை பசியில் அழ ஆரம்பித்தான். என் மனைவி தோளில் போட்டுத் தட்டினாள், சீனித் தண்ணீர் தரலாமா என்று கேட்டாள், யாரோ கூடாது என்று அதட்டினார்கள். வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்றால் வரிசை போய்விடும். எனக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த மேசையில ஜாதகம் கேப்பாங்க பெரியப்பா. எடுத்தாந்தீங்களா?"

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் கொஞ்சம் கோபமாகத்தான் வந்தது.

மூன்றாம் மேசையில் ஊசி போட்டார்கள். தொடையில் குத்தியதும் பிள்ளை மூச்சடைத்து அழுதான். அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தோம். எழுந்து கிளம்பும்போது வாசல் ஓரத்து நான்காவது மேசையிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். சின்னப் பெண்தான், என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம்.

"ஐயா, இங்க வந்துட்டுப் போங்க. அம்மா எங்க?"

"இதோ நிக்கிறாளே."

"இவங்க இல்லைங்க. புள்ளையோட அம்மா. இந்த மேசை அவங்களுக்கு."

"வீட்ல இருக்கா. நல்லாத்தான் இருக்கா. நல்லா இருக்கான்னு எழுதிக்கங்க, நாங்க கெளம்புறோம்."

"அப்படி எழுத இதுல கட்டம் இல்லைங்களே."

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. மூன்று மேசையில் மகளின் பேரையும் வயதையும் கேட்டீர்களே, அவள் வந்திருக்கிறாளா என்று ஒருத்தராவது கேட்டீர்களா, இப்போது கிளம்புகிற நேரத்தில் கேட்டால் என்ன அர்த்தம் என்று சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க சொல்றது சரிதாங்க" என்றாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தாள்.

"தலைவலி ஏதும் இருக்காம்மா அவங்களுக்கு?"

"இருக்கு. ராத்திரியெல்லாம் புள்ளை தூங்க விட மாட்டேங்குது, அதான். சுக்குப் பத்து போட்டிருக்கேன்."

"கால் வீக்கம்?"

"பிரசவ வீக்கம் இன்னும் வத்தலை. கண்ணு கூசுதுன்னு சன்னலை வேற மூடச் சொல்றா."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அழைச்சுட்டு வாங்க. இப்பவே."

நான் வாசல் விஷயத்தைச் சொன்னேன். இன்னும் மூன்றே நாள், கோயிலுக்குப் போய்விட்டு நேராக எங்கே வேண்டுமானாலும் அழைத்து வருகிறேன் என்றேன். அவள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைப் பையில் போட்டாள். "அவங்க வர வேணாம்னா நான் வர்றேன்" என்றாள். அதற்குள் அவர்களுக்கு மேலே உள்ளவர் ஒருவர் வந்து, மேசையை விட்டுப் போகக் கூடாது, கணக்கு கொடுக்கணும் என்று ஆரம்பித்தார். "இந்த மேசைக்கு இதான் சார் கணக்கு" என்று சொல்லிவிட்டு அவள் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். நியாயம்தான். அவர்களும் காலையிலிருந்து நிற்கிறார்கள்.

மகள் இருட்டான அறையில் நெற்றியில் பத்தோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தாள். எவ்வளவு என்று கேட்டேன். "ஆட்டோ சொல்லுங்க, காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"பிள்ளை பெத்து ஒன்றரை மாசம் ஆச்சே. இனிமே என்னம்மா வரப்போவுது?"

"இனிமேலும் வரும்ங்க."

வாசலில் நின்றேன். அப்போதும் என் மனம் படியைத்தான் பார்த்தது. என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனாலும் அப்படித்தான் இருந்தது. "ஒரு சூடமாவது ஏத்திட்டு..." என்று இழுத்தேன்.

"ஏத்துங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள ஏத்துங்க" என்றாள் நர்ஸ். அவளே மகளின் ஒரு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அய்யனார் கோயில் இருக்கிற திசை பார்த்துச் சூடம் ஏற்றினேன். இரண்டு தீக்குச்சி அணைந்து மூன்றாவதுதான் பற்றியது.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்து ஊசி போட்டார்கள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இன்னும் ஒன்றிரண்டு நாள் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும், என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டார். நான் ரெண்டு நாளாக என்றேன். படுக்கையிலிருந்து மகள், "எட்டு நாளா" என்றாள்.

டாக்டர் போன பிறகு அவளிடம் கேட்டேன். ஏன்டி எங்கிட்ட சொல்லலை என்று. அந்த நேரத்திலும் என் குரலில் எரிச்சல்தான் இருந்தது.

"சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும். வாசல் தாண்டணும். உங்க வேண்டுதல் கெட்டுடுமேன்னு நெனச்சேன்ப்பா. நாள எண்ணிக்கிட்டு இருந்தேன்."

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். காலையிலிருந்து அழுத பிள்ளை இப்போதுதான் அடங்கினான். ஊசி போட்ட தொடை சிவந்து வீங்கியிருந்தது. சாமி எனக்கு நாற்பத்தெட்டு நாள் கேட்டதா, நான்தான் சாமிக்கு நாள் குறித்துக் கொடுத்தேனா என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கும் முழுசாகப் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன்.

கட்டிலருகே குனிந்து மகளிடம் கேட்டேன்.

"இப்ப தலைவலி எப்படிம்மா இருக்கு?"

"இருக்குப்பா. இந்தப் பக்கம் இன்னும் விண்ணுன்னு தெறிக்குது."

ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிட எழுந்து போனேன்.