மல்லிகாவா பேசுறது?

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குப் போன் போட்டு "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்பதுதான் என் வேலை. எடுக்கிறவர்களுக்கும் சங்கடம், கேட்கிற எனக்கும் சங்கடம். போனில் பேசிப் பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். பெண்களுக்குத் தையலும் கேக்கும் ஆன்லைனில் சொல்லித் தருகிறோம். இப்போது புதுசாக, அவரவருக்கு ஏற்ற பாடத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துப் போடுகிறது. நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள். கிள்ளானில் ரயிலேறும்போதே என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்களாம்.

பதினேழு தடவை

பந்திங்கில் ஒரு அக்கா, ரவிக்கைக் கழுத்து வெட்டும் பாடத்தைப் பதினேழு தடவை பார்த்திருந்தார். "புரியவில்லை, சுலபமான பாடம் தரவும்" என்றது கம்ப்யூட்டர். அதைச் சொன்னேன். "ரவிக்கையே தைச்சுப் போட்டுட்டேன்மா. அந்த டீச்சர் குரலக் கேட்டாத்தான் என் பிள்ள தூங்குது. மாத்திடாதீங்க லா!" என்றார்.

வேறென்ன எழுதுவது? காரணம் எழுதும் பட்டியலில் "பிள்ளை தூங்குகிறது" என்றே எழுதினேன். சூப்பர்வைசர் அக்கா படித்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு நான் எந்தப் பட்டன அமுக்குறது?"

காலையில் கெட்டி, சாயங்காலம் தடுமாற்றம்

கேரி தீவு மல்லிகா, கேக் பாடத்தில் காலையில் விடையெல்லாம் சரியாகப் போடுவார். சாயங்காலம் மாவு அளவே தெரியாது. எட்டாம் பாடத்தில் நின்றுவிட்டார். கூப்பிட்டேன்.

"நான் மல்லிகா இல்லம்மா, பக்கத்து வீட்டு சரசு. ஒரே போன்ல, அவ பேர்ல, மூணு வீட்டுக்காரங்க படிக்கிறோம். காலையில நான், மத்தியானம் இந்திரா, வேலை முடிஞ்சு வந்து மல்லிகா. அவ தப்பாப் போட்டா, மறுநாள் எனக்கு முட்டை உடைக்கிறதுலேர்ந்து ஆரம்பிக்குது!"

ஒரு பெயரில் ஒருவர்தான் படிக்கலாம், மீறினால் மூடிவிடுவோம். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சரசு அக்கா கேட்டார்: "தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துட்டோமேம்மா, இப்ப மூடினா எப்படி?"

காலியாக விட்ட வரி

இரண்டு நாள் பட்டியலில் மல்லிகாவின் வரியைக் காலியாகவே விட்டேன். எழுதினால் அவர்கள் படிப்பு போகும். மறைத்தது தெரிந்தால் என் வேலை போகும். மூன்று மாதம் முடிய ஒரு வாரம்தான். சூப்பர்வைசர் அக்கா கேட்டபோது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ரூல்படி மூடணுமே" என்றார். "அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரின்னுதானேக்கா சொல்றோம்? அவங்க மூணு பேராத்தான் இருக்காங்க" என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே குழப்பம்.

மூடவில்லை. இப்போது அந்தப் பாடத்தைத் திறந்தால் "யார் படிக்கிறீர்கள்?" என்று மூன்று பேரின் படமும் வருகிறது. எனக்கும் வேலை நிரந்தரமானது. சந்தோஷமாக சரசு அக்காவுக்குப் போன் போட்டேன். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா மல்லிகா, தனக்குச் சுலபப் பாடம் வந்தா வெக்கமா இருக்குன்னு என் படத்தத்தான் அமுக்குறா!"

ஒவ்வொருத்தருக்கும் தனிப் பாடம் போடுகிற ஆபீஸில் நான் நிரந்தரம்; அந்த ஒவ்வொருத்தர் யார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.