பலாமரம் விழுந்த சாப்பாட்டு அறை

காலை ஆறே முக்காலுக்கு மதுரையில் ரயில் ஏறினேன். போடிநாயக்கனூர் வந்து இறங்கும்போது பத்தரை தாண்டிவிட்டது. எழுபத்தொன்பதாம் வருடம், தை மாதம். ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே வழியில் ஒரு கட்டடம் கட்டிக் கொடுக்க வந்தேன். இந்தத் தடவை அது இடிந்து கிடப்பதைப் பார்க்க வந்திருந்தேன்.

வீட்டுக்குப் பிளான் வரைவது என் தொழில். என்னோடு படித்த வேலுச்சாமிக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் இருக்கிறது. அங்குள்ள பங்களாவுக்கு ஒரு சாப்பாட்டு அறை வேண்டும் என்றான். அவன் கேட்டது நாலு சுவரும் ஓட்டுக்கூரையும்தான். "மலைக்கு வந்துட்டுச் சுவத்தப் பாத்தா சாப்பிடுறது?" என்று வாதாடி, முற்றத்தில் நின்ற பெரிய பலாமரத்தைச் சுற்றி அறையை வரைந்தவன் நான். மரம் கூரையைத் தாண்டிப் போக வட்டமாக ஒரு வழி விட்டேன். மூன்று பக்கமும் இடுப்பளவுச் சுவர். வெளியே நிற்கும் ஏலச்செடிகளின் தோகை சாப்பாட்டு மேசை வரைக்கும் நீண்டிருக்கும். கொச்சியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதாக எழுதுவான். ஐப்பசியில் வந்த கடிதத்தில் இரண்டே வரி. மரம் விழுந்துவிட்டது, சமையல் செய்யும் பேச்சியம்மாள் இறந்துவிட்டாள்.

பதினொரு மணிக்குக் குரங்கணி ஜீப்பு. பதினாறு கிலோமீட்டருக்கு ஆளுக்கு மூன்று ரூபாய். ஒன்பது பேரும் நான்கு உரமூட்டையும் ஏறியபின் டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கண்ணே, பலாமரத்துப் பங்களாவுக்கா?"

"ஆமா."

"அந்தம்மா செத்த பொறவு வெளியாளுக யாரும் வர்றதில்லண்ணே. மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கிட்டு இருந்திருக்கு. மரம் அப்பிடியே சாஞ்சிருச்சு."



குரங்கணியிலிருந்து கழுதைகள் போகும் பாதையில் இரண்டு மணி நேரம் ஏற்றம். வேலுச்சாமி பங்களா வாசலிலேயே நின்றிருந்தான்.

"மாப்ளே, மழை காத்துக்கு நாம என்ன செய்ய முடியும்? மேக்கால ஒரு மரம் நிக்குது பாரு, அத வச்சு இன்னொண்ணு வரைஞ்சு குடு. வெரசா ஆரம்பிச்சாத்தான் சித்திரைக்குள்ள முடியும்."

நான் நேரே இடிபாட்டுக்குப் போனேன். உடைந்த ஓடுகளை ஒருவர் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். முத்துக்கருப்பன். பேச்சியம்மாளின் கணவர். தோட்டத்து ஆள். அறை கட்டும்போது என்னோடு இருந்து மண்வேலை செய்தவர். என்னைக் கண்டதும் கூடையை வைத்துவிட்டு, மரம் நின்ற குழிக்கு அழைத்துப் போனார். சரிவின் கீழ்ப்பக்கத்து வேர்கள் மண்ணோடு பிய்ந்து கிடந்தன. மேட்டுப்பக்கத்தில் தொடை கனத்துக்கு மூன்று மொட்டை வேர்கள். வெட்டிய முகம் கறுத்து, உள்ளே மக்கிப் போயிருந்தது.

"தளம் மட்டமா வரணும்னு நீங்க சுண்ணாம்புல கோடு போட்டீகய்யா. கோட்டுல குறுக்க வந்த வேர நாந்தான் வெட்டுனேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"வெட்டச் சொன்னது நான். மலையில மேட்டுப்பக்கத்து வேர்தான் மரத்தப் பிடிச்சு நிக்கும். அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னுது."

"கோடாலி எங் கையில இருந்துச்சேய்யா."

பின்னாலேயே வந்திருந்த வேலுச்சாமி என் கையைப் பிடித்து இழுத்தான். "பேசாம இரு மாப்ளே. காத்துல விழுந்துச்சுன்னுதான் ஊரே சொல்லுது. நீ ஏன் புதுசாக் கிளப்புற?"

"காத்துல விழல. நான் விழ வச்சேன். நீ இன்னொரு மரத்தச் சுத்திக் கட்டுறதா இருந்தா, வேற ஆளப் பாத்துக்க."

அவன் முகம் சுருங்கிவிட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து என்னோடு பழகியவன், என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தான். சமையல்கட்டில், புகை படிந்த சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். முத்துக்கருப்பன்தான் சமைத்துப் பரிமாறினார். சோறு சரியாக வேகவில்லை. அதை அவரே சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றரை மணிக்கு இறங்கினேன். வேண்டாம் என்று சொல்லியும் முத்துக்கருப்பன் குரங்கணி வரைக்கும் கூடவே வந்தார்.  ஜீப்பில் நான் ஏறி உட்கார்ந்த பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அய்யா, வேர வெட்டாம இருந்திருந்தா மரம் நின்னிருக்குமா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பெரிய மழைக்கு நல்ல மரங்களே சாய்கின்றன என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்குவரை வந்தன.

"நின்னிருக்கும்" என்றேன்.

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்று கம்பியை விட்டார். ஜீப்பு கிளம்புவதற்குள் திரும்பி மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டார். மதுரையில் என் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சன்னல்கூடக் கிடையாது. அன்று இரவு அங்கே உட்கார்ந்தும் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.