சேற்றில் உட்காரச் சொன்னவள்

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு ஏரியைத் தாண்டி மீனவக் குப்பங்களுக்குப் போகும் பாலத்தடியில் நடந்தது இது. நான் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு ஜியோகேச்சிங் பைத்தியம் பிடித்தது. யாரோ ஒரு சின்னப் பெட்டியை எங்கோ ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் போடுவார்கள். நாம் செல்போனைப் பார்த்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். வேலையற்ற வேலை என்பார் என் கணவர்.

பாலம் வருவதற்கு முன் படகு கட்டிய கல்லைத் தேடச் சொன்னது அன்றைய குறிப்பு. கல்யாணப் பெண் வந்து இறங்கியதும், பிரசவ வலி கண்டவள் ஆஸ்பத்திரிக்குப் போக ஏறியதும் அங்கேதானாம். படித்ததுமே பிடித்துவிட்டது. கரையிலிருந்து இருபதடியில் என்று செல்போன் காட்டியது. தண்ணீர் வற்றி, சேறு காய்ந்த தரைபோலத்தான் தெரிந்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கினேன். மெத்தப் படித்த மூஞ்சூறு கழனிப் பானையில் விழுந்த கதைதான்.

பத்தாவது அடியில் வலது கால் முழங்கால்வரை போனது. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன். அது தொடைவரை இறங்கியது. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறும் நேரம் வேறு. கொஞ்ச நேரத்தில் இடுப்பு நனைந்தது. செல்போனும் நனைந்து அணைந்துவிட்டது. பாலத்தின் மேல் போன வண்டிச் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. இந்த இடத்துக்கு வருவதாக வீட்டில்கூடச் சொல்லவில்லை. செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

பாலத்தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், தண்ணீரில் முட்டிபோட்டு, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். இப்படி இறால் பிடிப்பவர்களுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டும். அதனால் இறால் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அவள் திறந்தாள்.

"யக்கா, காலைப் புடுங்காத. அப்டியே குந்து."

தண்ணீர் ஏறும்போது உட்காருவதா? மாட்டேன் என்று அழுதேன். "நான் வர்றேன்ல, குந்துக்கா" என்றபடி முட்டியாலேயே வந்து சேர்ந்தாள். உட்கார்ந்து பின்னால் சாய்ந்தேன். இறங்குவது நின்றது. என் காலைச் சுற்றிச் சேற்றைக் கையால் வாரி வாரி எடுத்து, ஒவ்வொரு காலாக விடுவித்தாள். பிறகு இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரித் தவழ்ந்து கரையேறினோம்.

அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய பறி கவிழ்ந்து, காலியாக மிதந்துகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து பிடித்ததெல்லாம் போய்விட்டது. என்னால்தானே என்றேன்.

"இறாலு எங்க போய்டும், ஏரிலதான கீது" என்றாள்.

எதைத் தேடினேன் என்று கேட்டாள். வெட்கத்தோடு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை; பாலத்தின் கரையோரச் சுவர் இடுக்கிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துத் தந்தாள். "யார் யாரோ பேரு எழுதி வச்சிருக்காங்கோ. மழைல அடிச்சிக்கினு போவக் கூடாதுன்னு நாங்கதான் எடுத்து வச்சோம்."

நான் நோட்டைப் புரட்டி முடிப்பதற்குள் அவள் தண்ணீரில் இறங்கி, பறிக் கயிற்றைக் கடித்திருந்தாள். நான் நன்றி சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்றும் யாராவது உதவி கேட்டால், என் கையில் இருக்கும் வேலையைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் வாயைத் திறந்த அவளை நினைத்ததும், வெட்கப்பட்டு எழுந்து போகிறேன்.