ஓடி ஜெயித்த ஞானதுரை அண்ணன்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதி போட்டிருந்தபோது மெக்கானிக் எபினேசர் போன் செய்தார். வகுப்பு நேரத்தில் நான் எடுப்பதில்லை. மூன்றாவது முறையும் அடித்ததால் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "அண்ணே, ஞானதுரை அண்ணன் போயிட்டாரு. காபி குடிச்சிட்டு நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு" என்று அழுதார். எதிரே, அண்ணன் பல ஆண்டுகள் விசில் ஊதிய மைதானம் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். இனி இவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாதே என்ற பயம்.

நம் சபை மாத இதழில் அவரைப் பற்றி எழுதும்படி போதகர் கேட்டிருக்கிறார். உங்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், நம் ஞாயிறு பள்ளியின் தலைவராக இருந்தவர். அதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். விளையாட்டு விழாவில் நிற்க முடியாமல் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். பிறகு ஒருநாள் குடியை விட்டார். எப்படி விட்டார் என்பதைத்தான் நாம் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருமுறை பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் நத்தத்தில் ஒரு நண்பரின் மாந்தோப்பில் மதிய விருந்துக்குப் போயிருந்தோம். இலையில் பிரியாணி விழுந்த நேரத்தில் யாரோ பையிலிருந்து பாட்டிலை எடுத்தார்கள். அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "வாரேன்ப்பா. இங்க உட்கார்ந்தா நான் குடிச்சிருவேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போனதுபோல இருந்தது. பின்னாலேயே ஓடி, "பேசாம வேண்டாம்னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்கலாமேண்ணே" என்றேன். பேருந்து நிறுத்தத்தில் அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நின்னு ஜெயிக்கிற ஆள் நான் இல்ல அப்பு. ஓடித்தான் ஜெயிக்கணும். ஆண்டவர் எனக்குத் தந்திருக்கிற பெலம் காலுலதான் இருக்கு" என்றார்.

அவரும் எபினேசரும் நானும் சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தின் பக்கத்து அறையில் கூடுவோம். அந்த வாரம் தன்னை இழுத்தது எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது, அவருக்காக ஜெபிக்க மட்டும் வேண்டும். எபினேசர் போனில் பார்க்கக் கூடாத படங்களைப் பற்றித் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். ஒரு வாரம் அண்ணன், "புதன்கிழமை விழுந்துட்டேன்" என்றார். அவர் அழுததையும், எழுந்து வரவும் கிருபை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதையும் நான் மறக்கவில்லை. என் முறை வரும்போது, "எனக்கு இந்த வாரம் பெருசா ஒண்ணும் இல்லண்ணே" என்பேன். வாராவாரம் அதே பதில். அண்ணன் எனக்காகவும் ஜெபிப்பார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் உபவாசக் கூட்டத்தில் அவரைச் சாட்சி சொல்ல அழைத்தோம். சபைச் செயலர் என்ற முறையில் நோட்டீஸ் எழுதியவன் நான். குடியிலிருந்து முழு விடுதலை பெற்றவர் என்று போட்டிருந்தேன். "அதை எடுத்துரு அப்பு. இன்னைக்கும் எனக்கு நாக்கு ஊறுது" என்றார். அப்படிப் போட்டால்தான் ஜனங்களுக்கு விசுவாசம் வரும் என்று நான் வாதாடினேன். அவர் மேடையேறி எடுத்த எடுப்பில், "சபையாரே, நேத்து சாயங்காலம்கூட எனக்குக் குடிக்கணும்போல இருந்துச்சு" என்றார். ஆலயம் கசமுசா என்று ஆனது. "சோதனை வாரது பாவமில்ல. ஆண்டவருக்கே வனாந்தரத்துல வந்துச்சே. நமக்கு வரலைன்னு நடிக்கிறோம் பாருங்க, அங்கதான் பிசாசு நம்மளைத் தனியாப் பிடிக்கிறான்" என்றும் சொன்னார். அதைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. குடிக்க ஆசை இருக்கிறது என்று மேடையில் சொல்கிறவர் பிள்ளைகளுக்கு எப்படி வேதம் சொல்லிக் கொடுப்பார் என்று கேட்டார்கள். அவர் எப்படி ஜெயிக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும்படி அவருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சனிக்கிழமை போய் அவர்முன் உட்காருவது? நான் போவதை நிறுத்தினேன். கொஞ்ச நாளில் அந்தக் கூட்டமே நின்றுபோனது.

சாவுச் செய்தி வந்த அன்று தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனபோது, கமிட்டியில் மூத்தவர் ஒருவர் அண்ணனின் மனைவியான மதினியிடம் தணிந்த குரலில், "கடைசி நாள்ல குடிச்சாராம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மதினி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "குடிக்கலை தம்பி. இழுக்குதுன்னு தினமும் சாயங்காலம் என்கிட்ட சொல்வாரு. கேக்கக் கேக்க எனக்குப் பயமா இருக்கும். இருந்தாலும் கேட்டேன். நீங்க வேணாம்னு விட்டதை நான் ஒருத்தியாக் கேட்டேன். உங்களுக்காகவும்தான் ஜெபிச்சாரு. அவனுக்கு மனுஷருக்குப் பயப்படுற சோதனை இருக்கு ஆண்டவரே, அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறான், நீங்களே பார்த்துக்கங்கன்னு."

இத்தனையும் கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தபோது, உடல்நலம் கருதி அவரே ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றார் என்று வாசித்தேன். நானே எழுதியது அது. பெட்டிக்குள் அவர் கிடக்க, பக்கத்தில் நின்று பொய் சொன்னேன். மதினி தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பாட்டிலைக் கண்டு அவருக்குக் கை நடுங்கியதுபோல, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று எனக்கு நடுங்குகிறது. அவர் ஓடினார், சொன்னார், விழுந்தால் எழுந்து வந்தார். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இழுக்கும்போதே இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடும் அந்த வழக்கம். நேற்று எபினேசரைப் பார்த்து, சனிக்கிழமைக் கூட்டத்தை மறுபடி தொடங்குவோம், நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்கு முன் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வாரம் எனக்கு வந்த சோதனை, அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதாமலே இதை முடித்துவிடலாம் என்பது. இரண்டு முறை அந்தப் பத்தியை அடித்தேன், இரண்டு முறை திரும்ப எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும்போது மறுபடியும் அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நேரே தாடிக்கொம்பு ரோட்டுக்குப் போய், மதினியிடம் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டு, தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வரப்போகிறேன். போதகரிடம் கொடுக்கப்போவது அவர்தான்.