கண்ணாடிமேல் ஒரு துப்பட்டா

தெருவில் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. கல்யாணமான மறுவாரமே மெஷின் முன்னால் நின்றவள். கல்லூரிக்கு எதிரே கணவனின் கடை. உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.

கூட்டமில்லாதபோது மெஷின் கண்ணாடிமேல் துப்பட்டாவை விரித்து, அடியில் விளக்கு ஓடும்போது மெல்ல இழுப்பாள். விளக்கு போகும் பக்கமே இழுத்தால் துணி தாளில் ஆறாக நீளும். எதிர்ப்பக்கம் இழுத்தால் சுருங்கிக் கல்லாகும். கை கொஞ்சம் தயங்கினாலும் படம் வேறு. பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும்.

"டோனர் என்ன ஓசியிலயா வருது?" என்பான் கணவன்.

வினாத்தாள் நகலெடுக்க வந்த டிராயிங் வாத்தியார், அந்தத் துப்பட்டாத் தாள்களில் ஒன்றை எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"இதோட ஒரிஜினல் எங்கம்மா?"

"அது... தோள்ல கிடக்கு சார்."

சிரித்துவிட்டார். "அப்போ இதுதான் ஒரிஜினல். உலகத்துலயே ஒண்ணுதான். நாங்க நடத்துற ஓவியக் கண்காட்சிக்குக் குடுங்க, உங்க பேர் போட்டு மாட்டுறேன்."

அதுவரை அடுத்தவர் சான்றிதழ்களில் அடுத்தவர் பேரையே பிரதியெடுத்தவள். அன்று இருவரின் தாள்களை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினாள், உறைக்கவேயில்லை.

ஃபிரேம் போட்டு வாத்தியாரிடம் சேர்ப்பதைக் கணவனே ஏற்றுக்கொண்டான். "நீ கடையப் பாத்துக்கோ."

கண்காட்சி மண்டபத்தில் அவள் பேர் எழுதிய அட்டை இருந்தது. மேலே வெறும் ஆணி. ஃபிரேமைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார் வாத்தியார்.

"ஒண்ணே ஒண்ணுன்னு நடுவர்கிட்ட அடிச்சுச் சொன்னேன்மா. இது அதோட ஜெராக்ஸ். மடிப்புல இருந்த சாம்பல் நிறமெல்லாம் செத்துக் கிடக்கு. என்னையே ஏமாத்திட்டீங்களே."

குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது நிஜம்.

கடையில் கணவன் தன் பாட்டுக்கு மாணவர்களின் புராஜெக்டுகளுக்கு ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அட்டையிலும் அவள் துப்பட்டா. கீழே கடைப் பேர்.

"அசலை யாராவது வெளிய விடுவாங்களா? தொழில் தெரிஞ்சவதானே நீ? அது கையில இருந்தாத்தான் அட்டை பளிச்சுன்னு விழும். பசங்க அள்ளிக்கிட்டுப் போறாங்க பாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுப்ப."

"அதக் குடுங்க. இப்பவே சார்கிட்ட காட்டிட்டு வரேன்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டினான். மடிப்புகளுக்கு இடையே மங்கலாக இருந்த இடமெல்லாம் வெள்ளை மை பூசியிருந்தது.

"அழுக்கு மாதிரி தெரிஞ்சுது. சுத்தம் பண்ணிட்டேன்."

நகத்தால் சுரண்டினாள். வெள்ளையோடு கருப்பும் உதிர்ந்தது.

"ஏய், சுரண்டாத! இன்னும் அட்டை போட வேண்டியது பாக்கி இருக்கு" என்று தாளைப் பிடுங்கி உறைக்குள் செருகிக்கொண்டான்.