பிரிக் கேம்

ஆனையூரில் நாங்கள் இருந்தபோது அம்மா ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் ஒரு மாணவி மறைத்து விளையாடிய பிரிக் கேம் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைப் பறித்துவந்து பீரோவில் வைத்தார். கோடை விடுமுறையில் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார். கொஞ்ச நாளில் அம்மாவே அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றார். மேலிருந்து விழும் கட்டைகளை அவர் அடுக்கி முடிப்பதற்குள் சோறு குழைந்துவிடும். அப்பா அதையே சாப்பிட்டார்.

பரீட்சை முடிவதற்கு முன்பே, அலங்காநல்லூரிலிருந்து அந்த மாணவியின் தாய் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், அத இப்பவே குடுத்துருங்க."

"லீவு விடட்டும். அதுக்குள்ள குடுத்தா மறுபடி கிளாசுக்குக் கொண்டுவருவா."

"அவளுக்கு இல்ல டீச்சர். மத்தியானம் நான் வெளையாடுவேன்."

அம்மா சிரிக்கவில்லை. "எம்புட்டு பாயிண்டு எடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

இருவரும் சாயங்காலம்வரை மாறிமாறி விளையாடினார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். இருவருமே அதைக் குடிக்கவில்லை.

பிரிக் கேமைக் கொடுத்து அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அம்மா, செருப்பைக் கழற்றாமலே அப்பாவிடம், "வண்டிய எடுங்க, டவுன்ஹால் ரோட்டுல கடை தெறந்துருக்கும்" என்றார்.